பச்சை கொஞ்சம் ஏத்துங்க, அண்ணே

கேமரன் மலைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் இடத்தின் பெயரைச் சொல்வதில்லை. கைப்பேசியை நீட்டி, "அண்ணே, இந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். வாங்கிப் பார்ப்பேன். கண் கூசும் பச்சையில் ஒரு தேயிலைச் சரிவு. அதற்கு மேலே நாவல்பழ நிறத்தில் வானம். நடுவில் வெள்ளைக் கவுன் போட்ட பெண்ணொருத்தி, ஓலைத்தொப்பியை ஒரு கையால் பிடித்தபடி நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குப் போகும் பாதையில் உள்ள வளைவு அது. எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அவர்கள் கேட்கும் நேரத்தில் என் லேண்ட் ரோவர் நிற்பதே அந்த வளைவில்தான்.

"இதாங்க அது."

சரிவைப் பார்ப்பார்கள். கைப்பேசியைப் பார்ப்பார்கள். மறுபடியும் சரிவைப் பார்ப்பார்கள். கிள்ளானிலிருந்து வந்த ஒரு குடும்பத்தலைவர், "இல்லீங்க, இது வேற. அங்க இன்னும் பச்சையா இருக்கும்" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். நான் பிறந்து வளர்ந்தது இந்த மலையில். தேயிலை என்ன நிறம் என்று கிள்ளான்காரர் எனக்குப் பாடம் நடத்துகிறார். காசு கொடுத்தவராயிற்றே, கேட்டுக்கொண்டேன். அவருடைய மகள், பத்து வயதுகூட ஆகியிருக்காது, வண்டியில் ஏறும்போது அப்பாவுக்கு ஆறுதல் சொன்னாள்: "அங்கிளுக்கு வழி தெரியல போலப்பா."

அன்று ராத்திரிதான் போட்டோ திருத்தும் வித்தையைக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். இல்லாத ஓர் இடத்துக்கு வழி காட்டச் சொன்னால், அந்த இடத்தை முதலில் உண்டாக்கத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

யோசித்துப் பார்த்தால், இல்லாத இடத்தைத் தேடி வருவது இந்த மலையின் மரபுதான். 1885இல் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து, மலைகளுக்கு நடுவே அழகான பீடபூமி ஒன்றைக் கண்டதாக எழுதிவைத்தார். எழுதினாரே தவிர, வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அதை எங்கே என்று தேடித் திரிந்தார்கள். கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டுப் போன முதல் ஆள் எங்கள் ஊரின் பெயருக்கே சொந்தக்காரர் என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் துரை வந்து பார்த்த பிறகுதான் இங்கே மலைவாச நகரம் அமைக்கும் பேச்சே சூடு பிடித்தது. 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டிச் செடி வைக்க எங்கள் ஆட்கள் வந்தார்கள். இப்போது அந்தச் செடி போதிய பச்சையாக இல்லை என்று புகார் வருகிறது.

யூடியூபில் தமிழில் தேடினால் ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். முதலில் வணக்கம் சொல்வார்கள். பிறகு சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்வார்கள், பக்கத்தில் இருக்கும் மணியை அடிக்கச் சொல்வார்கள். கோயிலுக்குள் நுழைந்த பயபக்தியோடு நானும் அடித்தேன். அதற்கப்புறம் "வாங்க, வீடியோக்குள்ள போகலாம்" என்பார்கள். உள்ளே போனால், போன வீடியோவுக்கு நீங்கள் கொடுத்த ஆதரவுக்கு நன்றி. எல்லாம் முடிந்து பாடம் தொடங்கும்போது ஒரு வாக்கியம் வரும்: "இது ரொம்ப சிம்பிள்தான்." அந்த வாக்கியம் வந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளையின் அம்புக்குறி திரையில் நான்கைந்து இடங்களுக்குப் போய்வந்து, படம் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும்.

வாயே திறக்காத ஆசிரியர்கள் இன்னொரு ஜாதி. எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாது. காதைப் பிளக்கும் இசை ஓடும். அதற்கேற்ப அம்புக்குறி ஆடும். ஒன்றும் பிடிபடவில்லை என்று கால் வேகத்தில் ஓடவிட்டேன். அம்புக்குறி நிதானத்துக்கு வந்தது. ஆனால் இசையும் கூடவே மெதுவாகி, நடுராத்திரியில் யாரோ அடிவயிற்றிலிருந்து ஓலமிடும் ஓசையாக மாறியது. மனைவி எழுந்து வந்து, "எந்த லயத்துலங்க சாவு?" என்று கேட்டாள்.

எனக்குக் கடைசியில் வாய்த்த பொறுமையான ஆசிரியர் பம்பாய் ஐ.ஐ.டி. வழியாக வந்தார். அவர்கள் ஸ்போக்கன் டுடோரியல் என்ற திட்டம் ஒன்றை நடத்துகிறார்கள். கட்டற்ற மென்பொருள்களைச் சிறுசிறு பாடங்களாக்கி, இந்திய மொழிகளில் குரல் கொடுத்து, காசு வாங்காமல் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். போட்டோ திருத்தும் ஜிம்ப் மென்பொருளுக்கும் அதில் தமிழ்ப் பாடம் இருக்கிறது. ஜிம்ப் என்பது 1995 வாக்கில் பெர்க்லியில் படித்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கியது. இலவசம். எனக்கு அந்த ஒரு தகுதியே போதுமானதாக இருந்தது. பாடங்களை முதலில் நடத்தியவர் ரால்ஃப் ஸ்டைனார்ட், வட ஜெர்மனியில் ப்ரேமன் நகரத்துக்காரர். ஆக, ப்ரேமனில் நடந்த வகுப்பு பம்பாய் போய்த் தமிழாகி, கேமரன் மலையில் என் வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் வந்து சேர்ந்தது. அங்கேதான் லைன் கிடைக்கும்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "யாருடா பேசுறது, ரேடியோவா?"

"இல்லம்மா. ஜெர்மன்காரர் பாடம்."

அம்மா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் தமிழ் படிச்சிருக்காங்க" என்றார்.

பாடமெல்லாம் கேட்டுவிட்டு முதன்முதலாகத் தேயிலைச் சரிவு ஒன்றைத் திறந்தேன். பச்சையைக் கூட்டும் பட்டையைப் பிடித்து வலதுகோடி வரைக்கும் இழுத்தேன். சரிவு அப்படியே இருந்தது. ஓரத்தில் நின்ற என் லேண்ட் ரோவர் மட்டும் கிளிப்பச்சையாகிவிட்டது. காரணம் பிறகுதான் விளங்கியது. நாம் பச்சை என்று நினைத்துக்கொண்டிருக்கும் இலையில் பெரும்பங்கு மென்பொருளின் கணக்கில் மஞ்சள் பெட்டியில்தான் விழுகிறது. புல், வயல், தேயிலை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். விவரம் தெரிந்தவர்கள் பச்சையைத் தொடவே மாட்டார்கள். மஞ்சளைப் பிடித்துப் பச்சைப் பக்கம் தள்ளுவார்கள். தள்ளினேன். கிள்ளான்காரர் தேடிய இடம் என் திரையில் வந்து நின்றது.

உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த பச்சைமேட்டின் கதையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி கணினியைத் திறந்தால் நீலவானத்துக்குக் கீழே ஒரு புல்மேடு வருமே, அது. சார்லஸ் ஓரியர் என்ற புகைப்படக்காரர் 1996இல் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் காரை நிறுத்தி எடுத்தது. அவர் போய்க்கொண்டிருந்தது காதலியைப் பார்க்க. அந்த மேடு உண்மையில் திராட்சைத் தோட்டம். பூச்சி விழுந்து கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டதால் அந்த வருஷம் வெறும் புல் முளைத்துக் கிடந்தது. படத்தைத் திருத்தவே இல்லை என்று ஓரியர் சொல்லிவந்திருக்கிறார். யாரும் லேசில் நம்புவதில்லை. என் நிலைமைக்கு நேர் எதிர். அவர் காட்டிய உண்மையான பச்சையைப் பொய் என்றார்கள், நான் காட்டும் உண்மையான பச்சையைப் போதாது என்கிறார்கள்.

திருத்திய படத்தைப் பெருமையாக அம்மாவிடம் கொண்டுபோனேன். அம்மா இளம் வயதிலிருந்து மண்டோர் என்கிற மேற்பார்வையாளரின் கண் முன்னால் கொழுந்து பறித்தவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எந்தத் தோட்டம்டா இது?"

"நம்ம தோட்டந்தாம்மா."

"மண்டோர் என்ன, செத்துட்டானா? இப்படி முத்த விட்டிருக்கான்!"

விஷயம் இதுதான். பறிக்கிற பதத்தில் இருக்கும் கொழுந்து, அதாவது இரண்டு இலையும் ஒரு மொட்டும், மஞ்சள் கலந்த இளம்பச்சையில்தான் இருக்கும். அடியில் இருக்கும் முற்றிய இலைதான் கரும்பச்சை. பறிக்காமல் விட்ட நிறைக்கு, அதாவது செடி வரிசைக்கு, அந்த நிறம் வரும். நான் மஞ்சளைத் தள்ளிவிட்டதில் மலை முழுக்கப் பறிப்பு தவறி முற்றிக் கிடந்தது. "இந்த எலையில தேத்தண்ணி போட்டா சாயம் எங்கேருந்து வரும்?" என்று அம்மா கேட்டதற்கு ப்ரேமனிலும் பதில் இல்லை, பம்பாயிலும் இல்லை. அன்று முதல் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி வைத்துக்கொள்கிறேன். ஒன்று சுற்றுலாப் பயணிகளுக்கு. மற்றது அம்மா பார்க்க.

அடுத்த பாடம் பனியை விரட்டுவது. பனிக்கும் தூசுக்கும் பின்னால் மறைந்திருப்பதைத் தெளிவாக்கும் பட்டை ஒன்றை அடோபி நிறுவனம் 2015இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2009இல், கைமிங் ஹே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு பனியை அளக்க வழி கண்டுபிடித்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார்கள். யோசனை அழகானது. பனி இல்லாத வெளிப்புறப் படத்தில், வானத்தை விட்டுவிட்டால், எந்த மூலையில் சிறு துண்டை எடுத்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் எங்காவது இருண்டிருக்கும். இருள வேண்டிய இடம் வெளிறியிருந்தால் அந்த வெளிறல்தான் பனி. அதைக் கழித்துவிட்டால் காட்சி தெளிந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் கேமரன் மலைவாசி ஒருவரைக் கலந்துகொண்டு செய்திருக்கலாம்.

ஏனென்று சொல்கிறேன். விடிகாலையில் எடுத்த படம். முன்னால் தேயிலை நிறைகள், பின்னால் பஞ்சுப்பொதியாகப் பனி. பட்டையை இழுத்தேன். பனி விலகியது. முதலில் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகள் வரிசைவரிசையாக வெளிப்பட்டன. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பாதி கட்டிய அடுக்குமாடி ஒன்று வந்தது. மின்கம்பங்கள் வந்தன. ஸ்ட்ராபெரி படம் போட்ட விளம்பரப் பலகை வந்தது. கடைசிவரை இழுத்தால் மலைப்பாதையில் பள்ளி விடுமுறைக் கூட்டம், கார்கள் ஒன்றின் பின்னால் ஒன்று, நகர முடியாமல். இந்த மலையின் படங்களை இத்தனை காலமாகத் திருத்திக் கொடுத்துவந்தது யார் என்று அப்போதுதான் புரிந்தது. கூலியும் வாங்காமல், மணியை அடிக்கவும் சொல்லாமல், தினம் காலையில் வந்து வேண்டாததை மறைத்துவிட்டுப் போயிருக்கிறது. நான் முந்திக்கொண்டு அதன் வேலையை ரத்து செய்திருக்கிறேன்.

உடனே பனி சேர்ப்பது எப்படி என்று தேடினேன். அதற்கும் வீடியோ இருக்கிறது. பனிப் படலம் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, படத்தின் மேல் போர்த்த வேண்டும். இறக்கினேன். லைன் மெதுவாக இருந்ததால் பாதியிலேயே நின்று நின்று வந்தது. அந்த நேரம் பார்த்து வெளியிலிருந்து அசல் சரக்கு ஜன்னல் வழியாகச் சமையலறைக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. "பனி வருது, ஜன்னலச் சாத்து" என்றார் அம்மா. சாத்தினால் லைன் போய்விடும். பனியை இறக்குவதற்காகப் பனியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் என் புகழ் பரவ ஆரம்பித்தது. முதலில் வந்தது ஒரு தங்கும் விடுதி. வரவேற்பறையில் மாட்டப் படம் வேண்டுமாம். "நல்லா பாரம்பரியமா இருக்கணும். முதுகுல கூடை, தலையில முக்காடு, மூக்குத்தி, சிரிப்பு." இன்றைக்குத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்கள் பெரும்பாலும் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து வந்த ஆண்கள். கையால் கிள்ளுவது அரிது. கத்திரிக்கோலில் பை வைத்துத் தைத்த கருவி, அல்லது நிறைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று தூக்கிப் பிடித்துக்கொண்டு போகும் இயந்திரம். மூக்குத்தி போட்ட இயந்திரம் எதுவும் என் கண்ணில் படவில்லை. வேறு வழியில்லாமல் அம்மாவை நிற்கச் சொன்னேன்.

அம்மா வந்தார். முட்டிவரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் படுதா, அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. "இப்படித்தான் போவோம்" என்றார். "அட்டை கடிக்கும்டா. எல ஈரம் இடுப்பு வரைக்கும் நனைக்கும். பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனா மண்டோர் திருப்பி அனுப்பிடுவான்." சிரிக்கச் சொன்னேன். நிறையின் நடுவே நின்று சிரித்துப் பழக்கமில்லை என்றார். விடுதிக்காரரிடம் அப்படியே கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "பூட்ஸ மட்டும் எடுத்துட முடியுமா?" என்றார். பூட்ஸை எடுத்தால் காலும் போகும். கடைசியில் அவர் எங்கிருந்தோ ஒரு படம் வாங்கி மாட்டியிருக்கிறார். அதில் இருப்பது கேமரன் மலைச் செடி இல்லை என்று அம்மா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்.

அழிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையப் பாடங்களில் பாதி அழிக்கும் பாடம்தான். பருவை அழி, கம்பியை அழி, பின்னால் நிற்கும் அந்நியரை அழி. பக்கத்திலிருக்கும் துண்டைப் பிரதியெடுத்து ஒட்டுவது பழைய முறை. 2002இல் வந்த போட்டோஷாப் ஏழாம் பதிப்பு, ஒட்டிய துண்டைச் சுற்றுப்புறத்தின் நிறத்தோடு கலந்துவிடும் தூரிகையைக் கொண்டுவந்தது. 2010இல் வந்த பதிப்போ, ஆளைச் சுற்றிக் கோடு போட்டால் போதும், காலி இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று தானே ஊகித்து நிரப்பிவிடும். மென்பொருளெல்லாம் வருவதற்கு முன்பே இந்தக் கலை உச்சத்துக்குப் போயிருந்தது. மாஸ்கோ கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ் தலைவர் யெஷோவ் 1940இல் கொல்லப்பட்ட பிறகு, அந்தப் படத்தில் அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஓடியது. தூரிகையும் கையும் மட்டும் வைத்துச் செய்த வேலை. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் பத்திரிகை, அட்டைக்குள் அடங்கவில்லை என்பதற்காக எகிப்துப் பிரமிடுகளையே கணினியில் நெருக்கி வைத்தது. நாலாயிரம் வருஷத்துக்கு மேலாக அசையாத கல்லை நகர்த்தியவர்கள் முன்னால், சுற்றுலாப் பயணியை நகர்த்துவது ஒரு பாவமா?

எங்கள் மலைக்கு இதிலும் ஒரு பெயர் இருக்கிறது. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர் போன அமெரிக்கர் ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, இங்கே மூன்லைட் பங்களாவில் நண்பர்களோடு தங்கியிருந்தவர், மத்தியானம் வெளியே போனார். திரும்பவில்லை. போலீஸ் தேடியது, ராணுவம் தேடியது, காட்டை உள்ளங்கையாக அறிந்த ஒராங் அஸ்லி மக்கள் தேடினார்கள். துரும்பும் கிடைக்கவில்லை. நான் ஆளை அழித்தால் அந்த இடத்தில் தோளின் நிழலோ, செருப்பின் நுனியோ மிஞ்சிவிடும். தேயிலைச் செடி ஒன்றுக்குப் பக்கத்தில் அச்சு அசலாக அதே செடி முளைத்திருக்கும். மூன்லைட் பங்களாவில் நடந்ததைச் செய்தது யாராக இருந்தாலும், தூரிகையை லேசாகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

பிறகு கல்யாணக்காரர்கள் வந்தார்கள். இங்கேதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் வீடியோக்கள் என்னை ஒரு வம்பில் மாட்டிவிட்டன. முகத்தை மொழுமொழுவென்று ஆக்குவதற்கு ஒரு தனிக் குருகுலமே நடக்கிறது. படம் வரைவதற்காக உண்டாக்கிய ஸ்கெட்ச்புக் செயலியில் போட்டோவைத் திறந்து, கன்னத்தை விரலால் தேய்த்துத் தேய்த்து மெழுக வேண்டும். அப்புறம் தலைமயிரை ஒவ்வொரு கோடாக வரைய வேண்டும். கடைசியில் வெளுப்பு. மணப்பெண்ணின் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போட்டேன். படத்தைப் பார்த்த பெண்ணின் ஆயா, "மாப்பிள்ளை பக்கத்துல உக்காந்திருக்கிற தொரைசானி யாருடி?" என்று கேட்டுவிட்டார். கழுத்துக்குக் கீழே பேத்தி, கழுத்துக்கு மேலே தோட்டத்துத் துரையின் சம்சாரம்.

இந்தக் கோளாறு பிலிம் காலத்திலேயே தொடங்கியது. கோடாக் நிறுவனம் படம் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படம். ஷெர்லி அட்டை என்று பெயர். அவள் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. மற்றவர்கள் தோல் எப்படி வந்தால் என்ன? கறுத்த முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் தெரிவது அந்த அளவுகோலின் உபயம். பழுப்பு நிறங்கள் ஒழுங்காக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மேசை நாற்காலி விற்பவர்களும் முறையிட்ட பிறகுதான் பிலிமைச் சீர்திருத்த வேகம் வந்தது என்று சொல்கிறார்கள். ஆக, எங்கள் சித்தப்பாக்களின் முகம் கல்யாண ஆல்பத்தில் கொஞ்சமாவது தெளிந்ததற்கு நாற்காலிகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த மணப்பெண்ணின் படத்தை நான் பழைய நிறத்துக்கே திருப்பினேன். அம்மாக்காரிக்கு என்மேல் இன்னும் வருத்தம். பெண்ணுக்கு இல்லை.

இதெல்லாம் பொழுதுபோக்கு. உண்மையான வேலை தாத்தாக்களிடம்தான் இருக்கிறது. 1948இல் அவசரகாலம் வந்து, கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயம் என்று ஆக்கினான். அவன் நோக்கம் வேறு. ஆனால் அது மட்டும் நடந்திராவிட்டால் தோட்டத்துத் தாத்தாக்கள் பாதிப்பேருக்கு இன்று முகமே மிஞ்சியிருக்காது. கட்டைவிரல் நகம் அளவு ஒரு படம். கேமராவைத் துப்பாக்கி என்று நினைத்துக்கொண்ட பார்வை. அதைக் கொண்டுவந்து, "தம்பி, இத சுவத்துல மாட்டுற மாதிரி பெருசாக்கிக் குடு" என்பார்கள். கூடவே, "ஒரு கோட்டு போட்டுடு" என்பார்கள்.

கோட்டு ஏன் என்று நான் கேட்பதில்லை. தானா ராத்தாவில் ஒரு காலத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் எனக்கு விளக்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஸ்டூடியோ ஆணியில் ஒரே ஒரு கோட்டு தொங்குமாம். வருகிறவர்களெல்லாம் அதையே மாட்டிக்கொண்டு நிற்பார்களாம். பெரியவனுக்குப் பின்னால் பிரித்துவிட்டிருக்கும், சின்னவனுக்குக் குண்டூசி குத்தியிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் எல்லாரும் துரை. அவரிடம் என் திரையில் ஒரு போட்டோஷாப் பாடத்தைக் காட்டினேன். வெளிச்சமாக்கும் கருவிக்குக் குச்சியில் செருகிய வட்டம் ஒன்றும், இருட்டாக்கும் கருவிக்குக் குவித்த கை ஒன்றும் சின்னமாக இருப்பதைப் பார்த்ததும் மனிதர் குதூகலித்துவிட்டார். இருட்டறையில் விளக்குக்குக் கீழே தாள் மேல் விழும் ஒளியை அவர் அப்படித்தான் தடுத்திருக்கிறாராம், கம்பியில் ஒட்டிய அட்டையாலும் கையாலும். கையைக் குவித்து, நடுவில் ஓட்டை விட்டு, மேசைமேல் ஆட்டிக் காட்டினார். நான் வீடியோ வீடியோவாகப் பார்த்தும் பிடிபடாத சங்கதி அது. ஒளியை ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருந்தால்தான் ஓரம் தெரியாதாம். அவர் மணியை அடிக்கச் சொல்லவில்லை. தேத்தண்ணி மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

கோட்டுத் தாத்தாக்கள் தயாரானதும் அவர்களைக் குடும்பப் படத்தில் சேர்க்க வேண்டும். இதற்கும் பாடம் உண்டு. ஆளை வெட்டு, தனி அடுக்கில் வை, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார், நிழல் போடு. எல்லாம் சரி. ஆனால் தாத்தாவை யார் பக்கத்தில் நிறுத்துவது என்று எந்த வீடியோவும் சொல்லித்தருவதில்லை. பெரியப்பா பக்கத்தில் நிறுத்தினால் சின்னப்பா வீட்டில் கேட்பார்கள். நடுவில் நிறுத்தினால் மாப்பிள்ளை மறைவார். தாத்தா இறந்தபோது எட்டு வயதாக இருந்த பேரனுக்கு இப்போது அறுபது. தாத்தாவுக்குப் படத்தில் நாற்பது. பேரன் பெரியவராகவும் தாத்தா மருமகனாகவும் தெரிகிறார்கள். தலையை நரைக்கவைக்கலாமா என்று கேட்டேன். "அவருக்கு நரைக்கவே இல்ல தம்பி, அதுக்குள்ள போயிட்டாரு" என்று ஆயா சொன்னார். அப்படியே விட்டேன்.

போட்டோஷாப்பில் 1994இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்துதான் அடுக்குகள் இருக்கின்றன. ஒருவர்மேல் ஒருவராக வைக்கலாம், ஒருவரை மறைக்கலாம், வேண்டும்போது திரும்பக் காட்டலாம். ஜிம்பிலும் அதே ஏற்பாடுதான். தோட்டத்துக் குடும்பங்களுக்கென்றே செய்த வசதி. பக்கத்து லயத்து மாமாவுக்கும் அவர் தம்பிக்கும் கோயில் கமிட்டித் தேர்தலில் தகராறு. மாமா நேராக என்னிடம் வந்து, கூடத்தில் மாட்டியிருக்கும் மகள் கல்யாணப் படத்திலிருந்து தம்பியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டு, காலியான இடத்தில் பந்தல் வாழைமரத்தை இழுத்து நட்டேன். குலையோடு நன்றாக அமைந்துவிட்டது. ஆனால் தம்பியைத் தூக்கி எறியவில்லை. அடுக்கில் மறைத்துத்தான் வைத்திருந்தேன். இந்தக் கமிட்டிச் சண்டைகளின் ஆயுள் எனக்குத் தெரியும்.

நினைத்தபடியே ஆயிற்று. தைப்பூசத்தன்று பால்குடத்தைத் தூக்கிவிட ஆள் இல்லாமல் அண்ணன் திணற, தம்பி வந்து கை கொடுக்க, இரண்டு பேரும் கோயில் வாசலில் அழுதார்கள். மறுநாளே மாமா என் வீட்டு வாசலில் நின்றார். "அவன திரும்பப் போட்டுடு." எனக்கென்ன, ஒரு சொடுக்கு. புதிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கூடத்தில் மாட்டினேன். தம்பி பழைய இடத்தில் வேட்டி சட்டையோடு நின்றார். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தை மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த வாழமரம் எங்க போச்சு?"

"சின்ன மாமா நிக்கிற எடம் அத்தை. மரத்த எடுத்தாத்தான் அவரு தெரிவாரு."

அத்தை படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

"குலை நல்லா இருந்திச்சுப்பா. மரம் இருக்கட்டும். சின்னவர வேணும்னா கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு."